ஒரு அம்மூம்மா எத்தனை கிலோ?

போன வாரம் என்னை சுக்கு மூட்டை மாதிரி எடை போட்டுவிட்டார்கள். அதுவும் எங்கள் மட்டாஞ்சேரி ஸ்கூல் மைதானத்தில், அத்தனை பேர் முன்னால்!

வாசலில் ஆளைக் கண்டாலே சமையல்கட்டுக்குள் நழுவுகிறவள் நான் — உங்களுக்குத்தான் தெரியுமே. பின்னே எப்படி...?

எல்லாம் எங்கள் மாடியில் குடியிருக்கும் ரேஷ்மா டீச்சரால் வந்தது. ஏழாம் கிளாஸ் பிள்ளைகளுக்கு, கட்டடத்துக்கும் பாலத்துக்கும் ஆகிற பொருட்களின் குணத்தைச் சொல்லிக்கொடுக்கிறாள். எது வளையும், எது உடையும், எது தாங்கும்... அறிவியல் கண்காட்சிக்காக எங்கள் ஹாலில் ஒரே பரிசோதனை. அட்டை, தகரம், மூங்கில், பிளைவுட் — ஒவ்வொன்றையும் இரண்டு ஸ்டூலுக்கு நடுவே பாலம் போல வைத்து, மேலே பாரம் ஏற்ற வேண்டும்.

பாரத்துக்கு எங்கே போவது? பிள்ளைகள் திரும்பி என்னைப் பார்த்தார்கள். பாட்டியை இங்கே அம்மூம்மா என்பார்கள்.

"அம்மூம்மா, ஒருதடவை உக்காந்து காட்டுங்க... ப்ளீஸ்!" என்றாள் ஹர்ஷினி. தேனியிலிருந்து வந்து இங்கே காய்கறிக்கடை போட்டவரின் பெண். அவள்தான் டீம் லீடர்.

மாட்டேன் என்று சொல்ல எனக்கு எப்போது வாய் வந்திருக்கிறது? உட்கார்ந்தேன். அட்டை என்னோடு தரைக்கு வந்தது.

"அம்மூம்மா எத்தனை கிலோ?"

அதற்கு மட்டும் மாட்டேன் என்று பலமாகத் தலையாட்டினேன். டாக்டரிடமே சொன்னதில்லை. எடை மெஷினைக் கண்டால் செருப்பைத் தேடுகிறவள் நான்.

"சரி விடு, அம்மூம்மாவையே அளவா வெச்சுக்கலாம்!"

சார்ட்டில் எழுதியும்விட்டார்கள். தகரம் — அரை அம்மூம்மா. (பாதி உட்காரும்போதே வளைந்துவிட்டது.) மூங்கில் — ஒரு அம்மூம்மா. பிளைவுட் — ஒரு அம்மூம்மா, மடியில் அம்மிக்குழவி.

அஞ்சாங்கிளாஸோடு நின்றவள் அறிவியலில் ஓர் அளவாகிவிட்டேன். பெருமையாக இருக்காதா?

கண்காட்சிக்கு என்னையும் இழுத்துப்போனார்கள். அங்கே வந்த நடுவர் சார் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். "ஒரு அம்மூம்மான்னா எத்தனை கிலோ? கிலோ இல்லேன்னா மார்க் இல்லை."

ஹர்ஷினி என்னைப் பார்த்தாள். "அம்மூம்மா..." என்றாள். அவ்வளவுதான். கண் நிறைந்துவிட்டது அவளுக்கு.

ஸ்கூல் எடை மெஷின் ரிப்பேராம். அப்பாடா! ஆனால் யாரோ எதிர் குடோனுக்கு ஓடினார்கள். சுக்கும் மிளகும் எடை போடும் பெரிய மெஷினைத் தள்ளுவண்டியில் வைத்து, சுமை தூக்கும் பாபு சேட்டன் வந்தே விட்டார்.

"சார் காதில் மட்டும், மெதுவா சொல்லுங்க சேட்டா" என்று கெஞ்சிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு ஏறினேன்.

மெதுவாகவா? வருஷக்கணக்காக குடோனில் எடை கூவிய தொண்டை அது! மைதானம் அதிரக் கூவினார். அதோடு விட்டாரா? பழக்கதோஷம்...

"சாக்குக்கு ஒரு கிலோ கழிவு!"

சாக்கு என்றது என் பட்டுப்புடவையை.

மைதானமே சிரித்தது. நடுவர் மட்டும் சிரிக்கவில்லை. "கழிச்சே எழுதும்மா" என்றார். ஹர்ஷினி கழித்து எழுதினாள். மார்க் கிடைத்தது.

பீங்கான் வளையாது, ஒரேயடியாக உடையும் என்று ரேஷ்மா பாடம் எடுத்தாளே... என் வெட்கமும் அந்த ரகம்தான் போல. இறங்கும்போது என் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது — எனக்கே அது யார் குரல் என்று தெரியவில்லை.

"சேட்டா, ஒரு கிலோ போதாது கேட்டோ! ஜரிகை இருக்கு!"

எத்தனை கிலோ என்றா கேட்கிறீர்கள்? மட்டாஞ்சேரி முழுக்கத் தெரியும். உங்களுக்குச் சொல்ல மாட்டேன் — உடைந்த வெட்கத்தை இப்போதுதான் ஒட்டவைத்திருக்கிறேன்.