கிளாரினெட் டீச்சரின் முன்பற்கள்

அவரை எல்லோரும் பல்லுக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். டாக்டர் இல்லை. பல் டாக்டர் நோயாளியின் வாயில் அளவெடுத்து அனுப்பும் அச்சை வாங்கி, அதற்குப் பொருத்தமாகப் பீங்கானில் பல் செய்து கொடுப்பது அவர் வேலை. ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஒற்றை அறை. ஒரு மேசை, ஒரு சின்னச் சூளை, பழைய காபிக் குவளையில் குத்தி வைத்த தூரிகைகள், சுவர் முழுக்க அலமாரி. அலமாரியில் வரிசை வரிசையாக ஊர்க்காரர்களின் தாடைகள், எல்லாம் வெள்ளைப் பிளாஸ்டரில். புதிதாகப் படியேறி வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் வாயைத் திறக்கவே மாட்டார்கள்.

இந்தத் தொழிலில் ஒரு விசித்திரம் உண்டு. பல்லைச் செய்கிறவர், அதைப் போட்டுக்கொள்கிறவரைப் பார்ப்பதே இல்லை. அச்சு வரும், டாக்டரிடமிருந்து போன் வரும், பல் போகும், அவ்வளவுதான். அந்தப் பல் எங்கே சிரித்தது, எதைக் கடித்தது என்று அவருக்கு ஒன்றும் தெரியாது. அதனாலோ என்னவோ, தெருவில் எதிரே வருகிறவரின் வாயைத்தான் முதலில் பார்ப்பார். அவர் மனைவிக்கு அதில் தீராத எரிச்சல்.

"மனுஷங்க கண்ணைப் பார்த்துப் பேசுங்களேன்! நேத்து எதிர்வீட்டு அம்மா பயந்துபோய் வாயைப் பொத்திக்கிட்டாங்க."

மனைவி கண் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் வேலை பார்த்தாள். நாளெல்லாம் "உக்காருங்க, கூப்பிடுவாங்க" என்று சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிப்போகும் வேலை. கூட வேலை செய்த ஒருவர் வீட்டைக் காலி செய்து போகும்போது, "வச்சுக்கோங்க, எனக்கு வரல" என்று ஒரு கிளாரினெட்டை அவள் கையில் திணித்துவிட்டுப் போனார். வீட்டுக்குக் கொண்டு வந்தவள் பெட்டியைத் திறந்து பார்த்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள். நாற்பத்தைந்து வயதில் அவள் தனக்கென்று எதையும் கேட்டதில்லை. அன்றைக்குக் கேட்டாள்.

"எனக்கு ஒரு வாத்தியார் பார்த்துத் தருவீங்களா?"

"இதென்ன பெரிய விஷயம்? நாளைக்கே பார்த்துடறேன்" என்றார் பல்லுக்காரர். வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வதில் அவர் கெட்டிக்காரர்.

வாத்தியக் கருவிகள் பழுது பார்ப்பவரிடம் போய் நின்றார். அவர் உதட்டைப் பிதுக்கினார். "கீபோர்டுன்னா தெருவுக்கு நாலு பேர் இருக்காங்க சார். இதுக்கு ஆள் கிடைக்கிறது குதிரைக்கொம்பு." இருந்தாலும் இரண்டு பேரைச் சொன்னார். முதல் ஆள் வீட்டுக்கு வந்து, தான் வாசித்த மேடைகளைப் பற்றியே பேசினார். நடுநடுவே மனைவியின் கிளாரினெட்டை வாங்கித் தானே ஊதிக்கொண்டார். போகும்போது, "நல்லா கத்துக்கிறீங்க" என்று பாராட்டு வேறு. "அந்தாளு ஊதினதுல நம்ம வீட்டுல காத்தே மிச்சமில்ல" என்றாள் மனைவி. இரண்டாவது ஆள், சின்னப் பிள்ளைகளுக்குத்தான் சொல்லிக்கொடுப்பாராம். "வயசானா விரல் மடங்காதுங்க" என்றார். மனைவி கையை நன்றாக மடக்கி, முஷ்டியை அவர் மூக்குக்கு நேரே நீட்டி, "இது மடங்குதுங்களே!" என்று காட்டினாள். அதோடு அந்தப் பேச்சும் முடிந்தது.

பழுது பார்ப்பவருக்குக் கடைசியில்தான் ஞாபகம் வந்தது. "ஒரு அம்மா இருக்காங்க. பெரிய இசைக்குழுவுல முதல் கிளாரினெட் வாசிச்சவங்க. இப்ப வாசிக்கிறதில்ல. சொல்லிக்கொடுப்பாங்களான்னு கேக்கறேன்."

அந்த அம்மாள் சரி என்றார். மூன்றாவது மாடியில் வீடு. சத்தம் வெளியே போகாமல் இருக்க ஜன்னலில் பழைய கம்பளியைத் தொங்கவிட்டிருந்தார். மனைவியைவிடக் கொஞ்சம் சின்னவர்தான். கதவைத் திறந்து, "வாங்க வாங்க" என்று வாய் நிறையச் சிரித்தார்.

பல்லுக்காரர் வழக்கம்போல வாயைப் பார்த்தார். மேல்வரிசை முன்பல் இரண்டும் அவர் செய்தவை. பெற்றவளுக்குக் கூட்டத்தில் தன் பிள்ளை தெரியாமல் போகுமா? ஓரத்தில் அந்த லேசான நீலச் சாயல், நுனியில் கண்ணாடி மாதிரி ஒரு மெருகு. எல்லாம் அவர் கைவேலை.

அந்தப் பல் அவருக்கு நன்றாகவே ஞாபகம் இருந்தது. மறக்க முடியாத அளவுக்கு அதைப் பற்றிப் பெருமைப்பட்டிருந்தார். "மாடிப்படியில விழுந்து முன்பல் ரெண்டு போயிடுச்சு. விழறதுக்கு முன்னாடி எடுத்த பழைய அச்சு இருக்கு, அனுப்பறேன். அதே மாதிரி பண்ணிடுங்க" என்று டாக்டர் போனில் சொல்லியிருந்தார். பழைய அச்சில் இரண்டு முன்பல்லுக்கும் நடுவே ஒரு அரிசி செருகும் அளவுக்கு இடைவெளி. இடப்பக்கப் பல் கொஞ்சம் நீளம், கொஞ்சம் திரும்பல். பல்லுக்காரர் அதைக் கையில் வைத்துக்கொண்டு பரிதாபப்பட்டார். பாவம், யாரோ ஒரு பொம்பளை, பிறந்ததிலிருந்து இந்தச் சந்தோடு சிரித்திருக்கிறாள்! விழுந்ததுதான் விழுந்தாள், அதிலாவது ஒரு நல்லது நடக்கட்டுமே! அவராகவே இடைவெளியை அடைத்தார், நீளத்தைக் குறைத்தார், திரும்பலை நிமிர்த்தினார். டாக்டரும் பார்த்துவிட்டு, "பிரமாதம்! உங்க கையே கை" என்றார். அந்த வாரம் முழுக்கப் பல்லுக்காரர் தரையில் கால் படாமல்தான் நடந்தார்.

அப்படிச் செய்த பல் இப்போது அவர் முன்னால் உட்கார்ந்து, மனைவிக்குக் கிளாரினெட்டைப் பிடிக்கச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தது.

"மேல்பல்லை இப்படி ஊதுமுனை மேல வைக்கணும். கீழ் உதட்டை மடிச்சு, இந்த நாணல் தகடு இருக்கே, ரீடு, அதுக்குக் கீழே. பல்லு உக்கார்ற இடம்தான் எல்லாமே. அது அசையாம இருந்தா மீதி தானா வரும்" என்றார் டீச்சர். பிறகு, "நான் ஒரு தடவை காட்டறேன்" என்று தன் கிளாரினெட்டை எடுத்து வாயில் வைத்தார். உடனே ஊதவில்லை. ஊதுமுனையை இடது பக்கம் நகர்த்தினார், வலது பக்கம் நகர்த்தினார், இருட்டில் செருப்பைத் தேடும் கால் மாதிரி அவருடைய பல் எதையோ தேடிற்று. ஊதியபோது முதலில் காற்றுதான் வந்தது, அப்புறம் ஒரு கீச்சல், அதற்கப்புறம்தான் ஸ்வரம். அதுவும் பாதியில் வழுக்கிக்கொண்டு போனது.

"மன்னிச்சுக்கோங்க" என்று டீச்சர் சிரித்தார். "முன்னெல்லாம் இப்படி இல்ல. நான் ஒரு தடவை விழுந்துட்டேன். உதட்டுல தையல். டாக்டர் ஊதாதீங்க ஊதாதீங்கன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டாரு. கச்சேரி இருக்கேன்னு தையல் பிரிக்கறதுக்கு முன்னாடியே ஊதிப் பார்த்தேன். உதடு போச்சு. நானே கெடுத்துக்கிட்டேன், யாரைச் சொல்றது?"

யாரைச் சொல்வது என்று பல்லுக்காரருக்குத் தெரிந்துவிட்டது. நிச்சயமாகத் தெரியும் என்று சொல்ல முடியாது; ஆனால் அந்தப் பல் தேடியது எதை என்று அவரைவிட நன்றாக யாருக்குத் தெரியும்? அன்றைக்கே சொல்லியிருக்கலாம். மனைவி முதல் தடவையாக ஒரு ஸ்வரத்தை ஊதிவிட்டு, முகமெல்லாம் சிவந்து, "கேட்டீங்களா!" என்று திரும்பிப் பார்த்தாள். அவர் கையைத் தட்டினார். சொல்லவில்லை.

அடுத்த வாரம் சொல்லலாம் என்று நினைத்தார். அடுத்த வாரம், உதடாகவே இருக்கலாமே என்று தோன்றியது. அதற்கடுத்த வாரம், டாக்டர் காதுக்குப் போனால் வேலை அனுப்புவாரா என்ற பயம். அப்புறம், இவ்வளவு அலைந்து கிடைத்த டீச்சரை மனைவி இழந்துவிடுவாளே என்று ஒரு சாக்கு. சாக்குக்கா பஞ்சம்? ஒவ்வொரு வாரமும் மூலையில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்து, டீச்சர் வாசித்துக் காட்டித் தடுமாறுவதையும், "மன்னிச்சுக்கோங்க, என் உதடு" என்று சொல்வதையும் கேட்டுக்கொண்டிருந்தார். ஒவ்வொரு மன்னிப்பும் அவருக்கு விழுந்த அறை. கன்னத்தைக் காட்டிக்கொண்டு கல்லுளிமங்கனாக உட்கார்ந்திருந்தார் மனுஷர். வீட்டில் சோறு இறங்கவில்லை. "உடம்புக்கு என்னங்க?" என்று மனைவி கேட்டால், "ஒண்ணுமில்ல, வாயு" என்பார்.

கோடை போய் மழை வந்தது. மனைவிக்கு இப்போது ஒரு சின்னப் பாட்டு முழுசாக வந்தது. ஒரு மாலை அவள் தனியாக வகுப்புக்குப் போய்விட்டு, தன்னுடையதல்லாத ஒரு கறுப்புப் பெட்டியோடு வீட்டுக்கு வந்தாள். முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு.

"டீச்சர் தன்னோட கிளாரினெட்டையே எனக்குக் கொடுத்துட்டாங்க! என்னோடது ஓட்டை உடைசலாம், அதுல கத்துக்க முடியாதாம். நான் எவ்வளவோ வேணாம்னு சொன்னேங்க. 'இனிமே எனக்கு எதுக்கு? பார்க்கப் பார்க்க மனசுதான் கஷ்டமா இருக்கு, நீங்களாவது வாசிங்க'ன்னுட்டாங்க. வாசல் வரைக்கும் வந்து அனுப்பினாங்க. கண்ணு கலங்கிடுச்சு அவங்களுக்கு."

அவள் கைகழுவப் போனதும் பல்லுக்காரர் பெட்டியைத் திறந்தார். ஊதுமுனையை எடுத்து விளக்கடியில் பிடித்தார். கறுப்பு ரப்பரில், பல் வைக்கும் இடத்தில், பல வருடங்களாக ஒரே இடத்தில் கடித்து விழுந்த தடம். இரண்டு குழி, நடுவே ஒரு மெல்லிய வரப்பு, இடப்பக்கக் குழி கொஞ்சம் ஆழம்.

மறுநாள் காலையில் அந்தப் பெட்டியோடு போய்த் தன் அறையைத் திறந்து, சட்டையைக்கூட மாட்டி வைக்காமல், அலமாரியிலிருந்து அந்தப் பழைய அச்சைத் தேடி எடுத்தார். ஊதுமுனையை அதன்மேல் வைத்தார். இந்தத் தடவை அது இடம் தேடவே இல்லை. வரப்பு சந்துக்குள் இறங்கிற்று, நீளமான பல் ஆழமான குழியில் உட்கார்ந்தது. கையை எடுத்தாலும் அசையாமல் நின்றது. பாவி, பாவி என்று தன்னையே திட்டிக்கொண்டார். உதடுமில்லை, தையலுமில்லை. ஒருத்தியின் பிழைப்பை அழகு என்ற பேரில் உளி வைத்துச் சீவித் தள்ளியிருக்கிறார்.

அச்சையும் கிளாரினெட் பெட்டியையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு டீச்சர் வீட்டுக்கு மூன்று மாடி ஏறினார். டீச்சர் கதவைத் திறந்து, "என்ன சார், இந்நேரத்துல? அவங்களுக்கு உடம்பு சரியில்லையா?" என்றார்.

"நல்லா இருக்கா. நான்தான்… உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்." மேசையில் அச்சை வைத்தார். "இது உங்க பல்லு. விழறதுக்கு முன்னாடி இருந்தது. இப்ப உங்க வாயில இருக்கறது நான் பண்ணினது. இதே மாதிரி பண்ணச் சொன்னாங்க. நான் பண்ணல. அழகா இருக்கட்டும்னு நானா மாத்திட்டேன்."

டீச்சருக்கு முதலில் புரியவில்லை. பல்லுக்காரர் ஊதுமுனையை எடுத்து நீட்டினார். டீச்சர் அதை வாங்கி அச்சின்மேல் தானே வைத்தார். அது உட்கார்ந்தது. எடுத்தார், மறுபடி வைத்தார். மறுபடியும் அதே இடத்தில் உட்கார்ந்தது. நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப என் உதடு?"

"உதட்டுல ஒண்ணுமே இல்லைம்மா. எல்லாம் என் தப்பு. தெரியாம பண்ணிட்டேன். காலைப் பிடிச்சுக் கேக்கறேன், புதுசா பண்ணித் தரேன். டாக்டர்கிட்டயும் நானே சொல்லிடறேன்."

டீச்சர் கத்துவார் என்று எதிர்பார்த்தார். கத்தியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். டீச்சர் மெதுவாகத்தான் கேட்டார்.

"உங்களுக்கு எப்பத்துலேர்ந்து தெரியும்?"

பொய் சொல்லியிருக்கலாம். நேற்று ராத்திரி என்று சொன்னால் யார் கேட்கப்போகிறார்கள்? நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் அந்த மூலை நாற்காலி அங்கேயேதான் கிடந்தது.

"முதல் நாளே பல்லு என்னோடதுன்னு தெரியும். நீங்க ஊதினப்ப சந்தேகம் வந்துடுச்சு."

"இத்தனை மாசமா அந்த நாற்காலியில உக்காந்திருந்தீங்களே" என்றார் டீச்சர். "வாராவாரம் உங்ககிட்டதானே மன்னிப்பு கேட்டேன்?" அச்சை ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டு, "பல்லை நீங்க தெரியாமதான் பண்ணீங்க, சரி. இதைத் தெரிஞ்சேதானே பண்ணீங்க?" என்றார்.

பல்லுக்காரர் பையிலிருந்த கிளாரினெட் பெட்டியை எடுத்து மேசையில் வைத்தார்.

டீச்சர் எழுந்து ஊதுமுனையை அந்தப் பெட்டியில் வைத்து மூடி, தன் பக்கம் நகர்த்திக்கொண்டார். "பல்லைப் பண்ணிக்கொடுங்க. டாக்டர்கிட்ட நான் போட்டுக்கறேன். உங்க வீட்டம்மா எப்பவும்போல வரட்டும், அவங்க என்ன பண்ணினாங்க பாவம். நீங்க மட்டும் வராதீங்க."

அன்றைக்கு வீட்டில் மனைவியிடமும் சொல்ல வேண்டியிருந்தது. அவள் கறுப்புப் பெட்டி போனதற்கு அழவில்லை. "வாயுன்னு சொன்னீங்களே" என்றாள். சில நாள் தட்டைக்கூட அவர் முன்னால் சத்தமாகத்தான் வைத்தாள்.

பல்லுக்காரர் புதுப்பல் செய்தார். அவ்வளவு சிரத்தையாக ஒரு கோணலை அவர் வாழ்நாளில் செய்ததில்லை. செய்து டாக்டருக்கு அனுப்பினார். டாக்டர் போனில் பேசிய பேச்சையும் காதில் வாங்கிக்கொண்டார். அது பெரிதாக வலிக்கவில்லை. மனைவி தன் பழைய கிளாரினெட்டோடு தனியாக வகுப்புக்குப் போய் வந்தாள். ஒவ்வொரு தடவையும் அவர் கேட்க நினைப்பார், கேட்கமாட்டார்.

ஒருநாள் அவள் நேரம் கழித்து வந்தாள். செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாள்.

"டீச்சர் இன்னைக்கு வாசிச்சாங்க. பாடமே நடக்கலை. எடுத்தாங்க, வாயில வச்சாங்க, ஊதினாங்க. பக்கத்து வீட்டுக்காரங்க எல்லாம் படியில வந்து உக்காந்துட்டாங்க. எனக்குச் சொல்லத் தெரியலைங்க. இப்படியெல்லாம் ஒரு சத்தம் இருக்குன்னே இத்தனை நாள் எனக்குத் தெரியாது."

பல்லுக்காரர் எழுந்து நின்றார்.

"என்னைப் பத்தி ஏதாவது கேட்டாங்களா?"

மனைவி செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். அவர் முகத்தைப் பார்க்க அவளுக்கே பாவமாக இருந்திருக்க வேண்டும். ஆனாலும் பொய் சொல்லவில்லை.

"இல்லைங்க" என்றாள். "கேக்கலை."