பந்தல் கம்பியில் வந்த மின்சாரம்

கட்டிலின் ஓரத்தில் தொங்கிய பையில் என் சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் தேங்கியிருந்தது. மதுரை மருத்துவமனையில் எனக்குத் தெளிவாக நினைவிருக்கும் முதல் காட்சி அதுதான். வலது கைக்கு முழங்கை வரை கட்டுப் போட்டிருந்தார்கள். விரல்களில் வலியே இல்லை. வலி இல்லாததுதான் பயப்பட வேண்டிய விஷயம் என்று அப்போது எனக்குத் தெரியாது.

என் பெயர் செல்வி. கம்பத்தில் ரவிக்கை தைக்கும் கடை வைத்திருக்கிறேன். கணவர் முருகேசன் திராட்சை விவசாயி. எங்களுக்கு ஒரு மகள். சுருளிப்பட்டிப் பக்கம் எங்கள் தோட்டம். மின்சாரம் பாய்ந்து பிழைத்தவர்களும் அவர்களைப் பார்த்துக்கொள்பவர்களும் படிக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். எனக்கு நடந்தபோது, இப்படி அடிபட்டும் ஒருவர் தேறி வந்தார் என்று சொல்ல அக்கம்பக்கத்தில் ஆள் இல்லை.

அந்தக் குளிர்காலத்தில் ஒரு தனியார் நிறுவனம் சுற்றுலா வருபவர்களுக்காக வெப்பக் காற்று பலூன் பறக்கவிட்டது. விடிந்ததும் சிவப்பும் மஞ்சளுமாக மலையோரம் எழும். வேலையை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்ப்போம். அன்று மலையிலிருந்து இறங்கிய காற்று அதைத் திருப்பிவிட்டது. மிகத் தாழ்வாக எங்கள் தோட்டத்தை நோக்கி வந்து, ஓரத்தில் போகும் உயரழுத்த மின்கம்பியில் உரசியது. நீலமாக ஒரு வெளிச்சம் அடித்தது. கம்பி ஒன்று அறுந்தது. ஆட்கள் இருந்த கூடை, திராட்சைக்கு அந்தப் பக்கம் உழுது போட்டிருந்த நிலத்தில் சாய்ந்து விழுந்தது.

உள்ளே கத்தும் சத்தம் கேட்டு, தோட்டத்தில் இருந்த நானும் கணவரும் ஓடினோம். குறுக்குவழி பந்தலுக்கு அடியில்தான். கல்தூண் நட்டு, மேலே கம்பி பின்னி, அதில் கொடியைப் படரவிட்டிருப்போம். குனிந்து நுழையும்போது ஓரக் கம்பியைப் பிடித்துக்கொள்வது எல்லோருக்கும் பழக்கம். அறுந்த மின்கம்பி அந்தப் பந்தலின் மறுமுனையில் விழுந்து கிடந்ததை நான் பார்க்கவில்லை. வழக்கம்போலக் கம்பியைப் பிடித்தேன்.

பிறகு நடந்தது பிறர் சொல்லித் தெரிந்தது. தூக்கி எறியப்பட்டுப் பந்தலுக்கு வெளியே வரப்பில் விழுந்தேனாம். பின்னால் வந்த கணவர் என்னைத் தூக்கப் பாய்ந்திருக்கிறார். கூடைக்குள்ளிருந்து ஒரு பெண் கத்தி அவரை நிறுத்தினார். கோயம்புத்தூரிலிருந்து சுற்றிப் பார்க்க வந்த கவிதா.

"அண்ணா, கிட்ட போகாதீங்க! கம்பி அறுந்து கெடக்குது, கரண்ட் இருக்கும்!"

"அது என் பொண்டாட்டிம்மா!"

"தெரியுதுங்ணா. நீங்களும் விழுந்துட்டா அவங்களை யாரு தூக்குவாங்க? அங்கயே நில்லுங்க!"

பலூனை ஓட்டியவர் கூடையை விட்டு யாரையும் இறங்கவிடவில்லை. அறுந்த கம்பியைச் சுற்றித் தரையிலும் மின்சாரம் பரவியிருக்கும் என்றாராம். என் கணவர் நின்ற இடத்திலிருந்தே மின்வாரியத்துக்குப் பேசினார். லைனை நிறுத்திவிட்டோம் என்று உறுதியான பதில் வரும்வரை அங்கேயே நின்றார். என் நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்பதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாராம்.

கம்பத்தில் முதலுதவி, தேனியில் ஈ.சி.ஜி (இதயத் துடிப்பைக் கோடாக வரைந்து காட்டும் சோதனை), அங்கிருந்து மதுரை. மின்சாரம் பாய்ந்தவர்களுக்கு இதயத் துடிப்பு பிறகும் தடுமாறலாம் என்பதால் தொடர்ந்து கண்காணித்தார்கள். எழுந்து உட்கார்ந்து பேசினாலும் வீட்டுக்குக் கூட்டிப் போகாதீர்கள் என்று நான் சொல்வது அதனால்தான்.

அறுவைச் சிகிச்சை செய்யும் பெண் மருத்துவர் கட்டைப் பிரித்துப் பார்த்தார்.

"மேல பாத்தா சின்னக் காயம்தான். உள்ளங்கையில நுழைஞ்சு இடது பாதம் வழியா வெளியே போயிருக்கு. போற வழியில உள்ள இருக்கிற சதையை வேக வச்சிருக்கும்மா. சிறுநீர் கறுப்பா வர்றது அதனாலதான்."

சிதைந்த தசையின் கழிவு இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தை அடைக்கிறது என்று விளக்கினார். நான் கையைப் பற்றித்தான் கேட்டேன்.

"எடுத்துருவீகளா டாக்டர்?"

"இப்பவே எதுவும் சொல்ல முடியாது. மொதல்ல சிறுநீரகம். கையில வீக்கம் ரத்தக் குழாயை நெரிக்குது. இப்பவே கீறிவிடணும்."

அதற்கு ஃபேசியாட்டமி என்று பெயர் (வீங்கிய தசையை இறுக்கும் உறையை நீளமாகக் கீறி அழுத்தத்தைக் குறைப்பது). முடிந்து மயக்கம் தெளிந்தபோது மருத்துவர் என் கட்டைவிரல் நகத்தை அழுத்தி விட்டார். வெளுத்த நகம் மெல்லச் சிவந்தது. மறுபடியும் அழுத்தினார். மறுபடியும் சிவந்தது.

"ரத்தம் ஓடுதும்மா. கை தங்கிரும்."

பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்க்கும்படி அழுதேன்.

கணக்கில்லாமல் சலைன் ஏற்றினார்கள். பையில் நிறம் மெல்ல மெல்ல வெளுத்தது. கணவர் என் தம்பிக்குப் போன் போட்டு, "தண்ணி தெளிஞ்சிருச்சுப்பா" என்றார். தம்பி அணையிலிருந்து திறந்துவிடும் ஆற்றுத் தண்ணீர் என்று நினைத்து, "அப்படியா மாமா, எப்பத் தெறந்துவிட்டாக?" என்று கேட்டிருக்கிறான். கட்டுப் போட்ட கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு சிரித்தேன்.

கணவர் மட்டும் சரியாகச் சாப்பிடாமல் இருந்தார். ஒரு மத்தியானம் தானாகவே சொன்னார்.

"பாத்துக்கிட்டே நின்னுட்டேன் செல்வி. நீ கெடக்க, நான் நின்னேன்."

"நின்னதாலதான் இப்பப் பேசிக்கிட்டிருக்கோம்."

"மனசு கேக்க மாட்டேங்குது."

"ஓடி வந்திருந்தா ரெண்டு பேரும் சேந்து போயிருப்போம். நம்ம மக அங்கன ஒத்தையில நின்னிருப்பா. அதுவா எனக்கு வேணும்? இந்தாங்க, சோத்தைத் தின்னுங்க."

அவர் தட்டை வாங்கிக்கொண்டு அழுதார். பிறகு முழுதும் சாப்பிட்டார். காப்பாற்ற ஓடாமல் நின்றவரின் காயத்துக்கு மருத்துவமனையில் கட்டுப் போடுவதில்லை. வீட்டார்தான் அதைப் பார்க்க வேண்டும்.

கவிதா பார்க்க வந்தார். பலூனில் வந்தவர்களுக்குச் சிராய்ப்போடு போயிற்று. எங்களால்தானே உங்களுக்கு இப்படி என்று என் காலைப் பிடித்துக்கொண்டார். "நீ கத்தலேன்னா என் வீட்டுக்காரர் இல்லம்மா" என்றேன். பையிலிருந்து திராட்சையை எடுத்து வைத்தார். என் கணவர் ஒன்றை வாயில் போட்டுப் பார்த்து, "இது நம்ம பக்கத்துப் பழம் இல்லையே" என்றார். அத்தனை நாளில் அவர் முகத்தில் முதல் முறையாகப் பழைய குறும்பு தெரிந்தது.

செத்த சதையைப் பலமுறை சுத்தம் செய்தார்கள். சுண்டுவிரல் நுனியைக் காப்பாற்ற முடியவில்லை. தொடையிலிருந்து தோல் எடுத்து உள்ளங்கையிலும் விரல்களிலும் ஒட்டினார்கள். ஒட்டிய இடத்தைவிட எடுத்த இடம்தான் அதிகம் எரியும், பயப்படாதீர்கள். கண்ணையும் அவ்வப்போது காட்டச் சொன்னார்கள், மின்சாரம் பாய்ந்தவர்களுக்குப் பின்னாளில் புரை வரலாம் என்று.

வீடு வந்த பிறகு விரலை மடக்கும் பயிற்சி. களிமண் பிசைவது, துணிக் கவ்வியை அழுத்துவது. ஆள்காட்டி விரலில் உணர்ச்சி இல்லை. "நரம்பு மெதுவாத்தான் வளரும். நாள் கணக்குல பாக்காதீங்க, மாசக் கணக்குல பாருங்க" என்று மருத்துவர் சொல்லியிருந்தார். ரேஷன் கடை இயந்திரத்தில் கட்டைவிரலை வைத்தால் ரேகை விழவில்லை. "தொடைக்கு ஏதுண்ணே ரேகை?" என்றேன். கடைக்காரருக்குப் புரியவில்லை. இடது கையை வைத்தேன்.

இப்போது கடையைத் திறந்துவிட்டேன். முன்பு அரைநாளில் முடிக்கும் ரவிக்கைக்கு இரண்டு நாள் ஆகிறது. அவசரம் என்பவர்களுக்குப் பக்கத்துக் கடையைக் காட்டிவிடுகிறேன். ஒன்றைத் தொடுமுன் கை தானாகவே சற்று நிற்கிறது. அந்த நிற்றலை நான் மாற்ற முயலவில்லை. தெருவில் கம்பி அறுந்து கிடந்தால் எட்டி நின்று மற்றவர்களையும் நிறுத்துகிறேன்.

போன வாரம் கொக்கி வைத்துத் தைக்கும்போது உணர்ச்சி இல்லாத அந்த ஆள்காட்டி விரலில் ஊசி ஏறியது. "ஆத்தாடி!" என்று கத்திவிட்டேன். கணவர் ஓடிவந்தார்.

"என்ன ஆச்சு?"

"வலிக்குதுங்க."

அவருக்குப் புரியச் சற்று நேரமானது. விரலைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். நுனியில் கடுகளவு இரத்தம்.

"இன்னொருக்கா குத்திப் பாக்கவா?" என்று கேட்டார்.

"பாருங்க" என்று நீட்டினேன்.