மூன்று பேரால் தூக்க முடியாத மேசை

அந்தப் பல்கலைக்கழகத்தில் புதுமுக வாரத்தின் முதல் நாள் மண்டபம் தயாராக இருந்ததாகச் சரித்திரமே கிடையாது. வாசலில் வரவேற்புப் பலகை இருக்கும், மைக் இருக்கும், குடிதண்ணீர் இருக்கும். நாற்காலிகள் மட்டும் சுவரோரம் அடுக்கியபடி கிடக்கும். மேசைகள் பின்னறையில் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நிற்கும். புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் பையும் கையுமாக வந்து நின்று திருதிருவென்று விழிப்பார்கள். கூட வந்த பெற்றோரில் யாராவது ஒருவர், "முதல் நாளே இந்த லட்சணமா?" என்று முணுமுணுக்காமல் போனதில்லை.

இந்த லட்சணத்துக்கு முழுப் பொறுப்பும் மாணவர் நல அலுவலகத்தின் மேசையக்காவுடையது. பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருக்கிறது, சம்பளச் சீட்டில் பத்திரமாக இருக்கிறது. மற்ற எல்லோருக்கும் அவர் மேசையக்காதான். குள்ளமான உருவம், கட்டைக்குரல், மைக்கே தேவையில்லை. மண்டபத்தின் நடுவில் வந்து நின்று இடுப்பில் கை வைத்துக்கொள்வார்.

"அடக் கடவுளே, வேலையாளுங்க யாரும் வரலை பாருங்க! கொஞ்சம் கை குடுக்குறீங்களா? ஒரு மேசைக்கு நாலு பேரு. ஏற்கெனவே தெரிஞ்சவங்க ஒண்ணா வராதீங்க, உங்களுக்குப் பேச ஆள் இருக்கு. தனியா நிக்கிறவங்க எல்லாம் இந்தப் பக்கம் வாங்க!"

வேலையாட்கள் வராமல் என்ன? சமையல்கூடத்தின் பின்னால் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருப்பார்கள். இருக்கச் சொன்னதே அக்காதான். வருஷா வருஷம் அதே பொய், அதே பதற்றம், அதே "அடக் கடவுளே". நாடகத்தில் சேர்ந்திருந்தால் எங்கேயோ போயிருப்பார்.

அந்த மேசைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். பழைய நூலகத்தின் படிப்பறையில் கிடந்தவை. கெட்டி மரம், கால்களில் இரும்புப் பட்டை. மூன்று பேர் மல்லுக்கட்டினால் ஒரு மூலை தரையை விட்டு எழும்பாது, கிறீச்சென்று இழுபடும், தரையில் கோடு விழும். நாலு மூலைக்கு நாலு பேர் நின்று, ஒருத்தர் "ம், தூக்கு" என்று சொல்ல வேண்டும். கதவில் திருப்பும்போது "உன் பக்கம் சாய்", "ஐயோ என் விரல்", "இரு இரு, கீழ வை" என்று கத்தியே ஆக வேண்டும். கத்தாமல் அந்த மேசையை வெளியே கொண்டுவந்தவர் யாருமில்லை. மேசை போட்ட இடத்தில் உட்கார்ந்து மூச்சு வாங்கும்போது நாலு பேரும் சிரித்துவிடுவார்கள். அக்காவுக்கு வேண்டியது அந்தச் சிரிப்பு.

இதற்காக அவர் வாங்கிக் கட்டிக்கொண்ட பெயர் கொஞ்சநஞ்சமல்ல. பதிவாளர் அலுவலகத்தில் அவரைச் சோம்பேறி என்பார்கள். "ஒரு மண்டபத்த முந்தின நாளே ஒழுங்குபண்ணத் துப்பில்லை" என்று அவர் காதுபடவே பேசினார்கள். அக்கா அதைக் காதில் போட்டுக்கொண்டதில்லை. கண்ணாடிக் கடை வைத்திருக்கும் கணவர் வேறு தன் பங்குக்குச் சீண்டுவார். "வீட்ல ஒரு நாற்காலிய நகர்த்துன்னா இடுப்பு வலிங்கிற. அங்க போய் ஊரார் வீட்டுப் பிள்ளைங்கள மூட்டை தூக்க வைக்கிற. நல்ல நியாயம்டீ!" அக்கா, "நீங்க கண்ணாடியத் துடைங்க" என்பார். அதோடு பேச்சு முடியும்.

காரணம் இல்லாமல் ஒருவர் வருஷக்கணக்காகச் சோம்பேறிப் பட்டம் சுமப்பாரா? அக்கா ஒரு காலத்தில் இதே மண்டபத்தில் மாணவியாக உட்கார்ந்திருந்தவர். அன்று மண்டபம் பளபளவென்று தயாராக இருந்தது. மெத்தை நாற்காலி. ஒருவர் மாற்றி ஒருவர் மேடையேறி, "இனி நீங்கள் எல்லோரும் ஒரே குடும்பம்" என்று பேசினார்கள். ஒரே குடும்பத்தில் பக்கத்தில் இருந்தவளின் முகத்தைக்கூட அவர் திரும்பிப் பார்க்கவில்லை, அவளும் பார்க்கவில்லை. பிறகு வகுப்பு, சாப்பாட்டுக்கூடம், அறை. சில நாட்களில் பேனாக் கடைக்காரரிடம் பேசிய ரெண்டு வார்த்தைதான் அவர் அன்று பேசிய மொத்தப் பேச்சு. முதல் பருவம் முடிவதற்குள் அப்பா வந்தார். மகளின் முகத்தைப் பார்த்தார், பெட்டியைத் தூக்கிக்கொண்டார், இருவரும் பஸ் ஏறினார்கள்.

அதுகூட வலிக்கவில்லையாம். கொஞ்ச நாள் கழித்துச் சான்றிதழ் வாங்க வந்தபோது, மாதக்கணக்கில் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தவள் எதிரே வந்தாள். அன்பாகச் சிரித்து, "நீங்க புதுசா சேர்ந்திருக்கீங்களா?" என்று கேட்டாள். பாவம், அவள் மேல் என்ன தப்பு? ஆனால் அந்த ஒரு கேள்வி அக்காவின் நெஞ்சில் முள்ளாகத் தைத்துவிட்டது. வீட்டுக்குப் பக்கத்துக் கல்லூரியில் படித்து முடித்து, இங்கேயே வேலைக்கு விண்ணப்பித்து வந்து சேர்ந்தார். புதுமுக வாரம் அவர் கைக்கு வந்த வருஷம் முதல் மேடைப் பேச்சுக்குக் கத்தரி போட்டார், மேசையைப் பிடித்துக்கொண்டார். "எல்லாரையும் தெரிஞ்சுக்க வேணாம். நீ ஒரு நாள் வரலைன்னா, எங்க காணோம்னு தேட மூணு பேர் இருந்தா போதும்" என்பார். இதைவிடப் பெரிய தத்துவம் எதுவும் அவரிடம் கிடையாது.

இந்த வருஷம் புது டீன் வந்தார். நல்ல மனிதர், சுறுசுறுப்பானவர், அதுதான் தொல்லை. பழைய மேசைகளைப் பார்த்துவிட்டு மடக்கு மேசைகள் தருவித்தார். வெள்ளை வெளேரென்று பிளாஸ்டிக், ஒற்றைக் கையால் அக்குளில் இடுக்கிக்கொண்டு போகலாம்.

"பாருங்கம்மா, எவ்வளவு லேசு! ஒரு ஆள் போதும்."

"ஒரு ஆள் போதும்னா மத்த மூணு பேர் எதுக்கு சார்?" என்றார் அக்கா.

டீனுக்குப் புரியவில்லை. அக்காவுக்கும் விளக்கத் தெரியவில்லை. விளக்கப் போனால் கோபம்தான் முதலில் வரும். கடைசியில் ஒற்றைக்காலில் நின்று இந்த ஒரு வருஷத்துக்கு அனுமதி வாங்கினார். "மேசை யார் காலிலாவது விழுந்தா நீங்கதான் பதில் சொல்லணும்" என்று டீன் சொல்லியிருந்தார்.

அந்த நாள் வந்தது. அக்கா வாசலில் நின்றுகொண்டிருந்தபோது ஒரு தகப்பனார் தயங்கித் தயங்கி வந்தார். பின்னால் நீலச்சட்டை போட்ட ஒரு பெண், தலை நிமிரவில்லை. அவளை உள்ளே அனுப்பிவிட்டு அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"மேடம், ரொம்பக் கூச்ச சுபாவம். வர மாட்டேன்னா. சாயங்காலம் வரைக்கும் இருந்து பாரு, பிடிக்கலைன்னா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடறேன்னு சொல்லித்தான் கூட்டிட்டு வந்தேன். பெட்டியெல்லாம் கார்லதான் இருக்கு. இறக்கலை."

இறக்காத பெட்டி என்றதும் அக்காவுக்கு, பஸ்ஸின் மேல் கட்டிய தன் பெட்டி கண்முன் வந்து நின்றது. அங்கேதான் அவர் சறுக்கினார். இத்தனை வருஷத்தில் செய்யாத தப்பை அன்று செய்தார். உள்ளே நின்ற அந்தப் பெண்ணைப் பார்த்தார். ஒல்லிக்குச்சி, கண் கலங்கியிருக்கிறது. மேசை தூக்கவா இதை அனுப்புவது? "நீ இங்க வாம்மா, என்கூட இரு" என்று தன் பக்கத்திலேயே ஒரு நாற்காலி போட்டு, பெயர் அட்டைகளை எடுத்துக் கொடுக்கிற வேலையைக் கொடுத்தார். தண்ணீர் கொடுத்தார், பிஸ்கட் கொடுத்தார், நிமிஷத்துக்கு ஒரு தரம் "பரவாயில்லையாம்மா?" என்று கேட்டார். அவள் தலையை ஆட்டினாள். இரக்கம் வந்தால் மனுஷருக்குப் புத்தி வேலை செய்யாது போலிருக்கிறது.

மண்டபம் அமளிதுமளிப்பட்டது. மேசைகள் முட்டின, பிள்ளைகள் கத்தினார்கள், சிரித்தார்கள். மதியத்துக்குள் நாலு நாலு பேராக ஒட்டிக்கொண்டார்கள். அக்கா நிமிர்ந்து பார்த்தார். மண்டபத்தில் ஆள் இல்லாமல் நிற்பது ஒரே ஒரு ஆள்தான். தன் பக்கத்தில், கையில் மீந்த அட்டைகளோடு, நீலச்சட்டை.

"அறிவு கெட்டவளே!" என்று வாய்விட்டே தன்னைத் திட்டிக்கொண்டார். அந்தப் பெண் தன்னைத்தான் திட்டுகிறார் என்று நினைத்து நடுங்கினாள்.

அப்போது பின்னறையிலிருந்து கிறீச்சென்று சத்தம். கடைசி மேசை. ஒரு நெட்டையன், ஒரு வாயாடிப் பெண், தொப்பி போட்ட ஒருவன், மூன்றே பேர் அதை இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

"தரையக் கீறாதீங்கடா!" என்று அக்கா பாய்ந்தார்.

"மூணு பேர்தான்க்கா இருக்கோம். இவன் நெட்டையா இருக்கான்னு பேரு, ஒரு பிரயோஜனமும் இல்ல!" என்றாள் வாயாடி.

அக்கா திரும்பினார். "ஏய் நீலச்சட்டை! இங்க வா. அந்த மூலையப் பிடி."

இந்த முறை "பரவாயில்லையாம்மா" கிடையாது. அவள் வந்தாள், பிடித்தாள். "ம், தூக்கு!" என்றான் நெட்டையன். மேசை எழும்பியது, கதவில் மாட்டியது, நாலு பேரும் சிக்கிக்கொண்டார்கள். "உன் பக்கம் சாய்!" என்று வாயாடி கத்த, நீலச்சட்டை முதன்முறையாக வாயைத் திறந்தாள். "என் பக்கம் சுவரு இருக்கு!" தொப்பிக்காரனுக்கு அடக்க முடியாமல் சிரிப்பு வந்து மேசையைக் கீழே வைத்துவிட்டான். அக்கா அந்தப் பக்கமே பார்க்காத மாதிரி நகர்ந்துபோனார்.

சாப்பாடு வெளியே, மரத்தடியில். மேசைகளைப் புல்வெளிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். நீலச்சட்டை அந்த மூவரோடு உட்கார்ந்தாள், அதிகம் பேசவில்லை. பிறகு வளாகத்தைச் சுற்றிப் பார்க்க எல்லோரும் கலைந்தார்கள். பொழுது சாய்ந்தபோது மழை பிடித்துக்கொண்டது.

"மேசைய உள்ள எடுங்க!" என்று அக்கா கத்தினார். பிள்ளைகள் நாலா பக்கத்திலிருந்தும் ஓடிவந்தார்கள். ஒவ்வொரு மேசையாக உள்ளே போனது. கடைசியில் ஒரு மேசை மட்டும் புல்வெளியில் நனைந்துகொண்டு நின்றது. அதைச் சுற்றி நெட்டையன், வாயாடி, தொப்பி.

"நம்ம ஆளு எங்க?" என்றாள் வாயாடி.

கட்டுமஸ்தான ஒருவன் வந்து, "நான் பிடிக்கிறேன், விடுங்க" என்றான்.

"நீ ஒண்ணும் பிடிக்க வேணாம்ப்பா, எங்களுக்கு ஆள் இருக்கு" என்றாள் வாயாடி. அக்காவிடம் திரும்பி, "அக்கா, நீலச்சட்டையப் பாத்தீங்களா?" என்றாள்.

அக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சாயங்காலம் ஆகிவிட்டதே. "கார் நிக்கிற இடத்துல பாருங்க. அவங்க அப்பா... வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறதா..." என்று முடிக்குமுன் மூன்று பேரும் மழையில் ஓடினார்கள். தொப்பிக்காரன் தடுக்கி விழுந்ததில் தொப்பி ஒரு பக்கம் போனது, எடுக்கக்கூட அவன் நிற்கவில்லை.

அக்கா மேசைக்குப் பக்கத்தில் குடையோடு நின்றார். எதற்கு நிற்கிறோம் என்று அவருக்கே தெரியவில்லை. டீன் வராந்தாவிலிருந்து குரல் கொடுத்தார். "பிளாஸ்டிக்கா இருந்தா நனைஞ்சா என்னம்மா? அப்படியே விட்டுட்டுப் போயிடலாமே!"

"அதான் சார் அதுல பிரச்சினை!" என்று அக்கா பதிலுக்குக் கத்தினார். டீன் யோசனையோடு உள்ளே போனார்.

நேரம் போயிற்று. கார் போயிருக்கும் என்று மனசு அடித்துக்கொண்டது. இந்தத் தடவையும் ஒரு பிள்ளை இந்த வாசலைத் தாண்டிப் போய்விட்டால், காலையில் பிஸ்கட் கொடுத்துக் கெடுத்தவள் தான்தான் என்று அக்கா நொந்துகொண்டார். அப்போது மழைத்திரைக்குள் சத்தம் கேட்டது. முதலில் வாயாடியின் குரல். பிறகு நாலு உருவம். நீலச்சட்டை நனைந்து கருநீலமாகியிருந்தது. அக்காவை யாரும் கண்டுகொள்ளவில்லை. நாலு மூலைக்கும் போய் நின்றார்கள். "ம், தூக்கு!" என்றது ஒரு குரல். நெட்டையன் குரல் இல்லை.

மழை விட்ட பிறகு தகப்பனார் வந்தார். இரண்டு கையிலும் இரண்டு பெட்டி, தலை நனைந்திருந்தது. மண்டப வாசலில் அக்காவைப் பார்த்து நின்றார்.

"கார்ல ஏறி உட்கார்ந்துட்டா மேடம். நான் ஸ்டார்ட் பண்ணிட்டேன். அந்தப் பசங்க வந்து கண்ணாடியத் தட்டினாங்க. போகாதேன்னு ஒரு வார்த்தை சொல்லலை. 'மேசை நனையுது, வா'ன்னாங்க, அவ்வளவுதான். 'அப்பா, ஒரு நிமிஷம், வந்துடறேன்'னு இறங்கினா." அவர் பெட்டிகளைப் பார்த்தார். "இன்னும் வரலை."

உள்ளே அந்தப் பெண் ஈரத் துணியால் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "அந்தக் கால் பட்டைய ஒழுங்கா துடைடா, துருப் பிடிக்கும்" என்று நெட்டையனை விரட்டிக்கொண்டிருந்தாள்.

"வீட்ல அவ இப்படிக் குரல் உசத்தி நான் கேட்டதே இல்ல" என்றார் தகப்பனார். பெட்டிகளைச் சற்று உயர்த்திக் காட்டினார். "மேடம், ஹாஸ்டல் எந்தப் பக்கம்? இதை எங்க கொண்டுபோய் வைக்கணும்?"

அக்கா பதில் சொல்ல வாயெடுத்தார். சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு முந்தானையால் மழைத்தண்ணீரைத் துடைத்தார், மழை விட்டு எவ்வளவோ நேரமாகியும். அதற்குள் உள்ளே இருந்தவள் பார்த்துவிட்டாள்.

"அப்பா, நீங்க தூக்காதீங்க, அங்கேயே வைங்க. நாங்க எடுத்துக்கிறோம்!"

அப்பா பெட்டிகளைக் கீழே வைத்தார்.