கோணல் வகிடு

நான் மூன்றாம் வகுப்பு படித்தபோது அம்மாவுக்குத் திடீரென்று சடை பின்னத் தெரியாமல் போயிற்று. அதுவும் ஒரே ஒரு வீட்டில் மட்டும்.

அது எங்கள் லைன் வீட்டு வரிசையில் கடைசி வீடு. அங்கே இருந்தவள் அம்மாவின் கூட்டாளி. சொந்தம் ஒன்றும் இல்லை, ஆனாலும் எனக்கு அத்தை. எங்கள் ஊர்க் கோரமண்டல் ஸ்டேஷனில் விடியற்கால ரயிலைப் பிடித்து இருவரும் பெங்களூருக்கு வேலைக்குப் போவார்கள். பொழுது சாய்ந்துதான் திரும்புவார்கள். அம்மா அதிகம் பேசமாட்டாள். அவளுக்கும் சேர்த்து அத்தை பேசுவாள். ரயிலில் இடம் பிடிப்பதும், நகர்ந்து உட்காராதவர்களைத் தமிழிலும் கன்னடத்திலும் தெலுங்கிலும் ஒரே மூச்சில் திட்டுவதும் அத்தையின் பொறுப்பு.

ஒரு நாள் காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்த அத்தை அப்படியே சரிந்துவிட்டாள். பக்கவாதம் என்றார்கள். கோலார் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தபோது வலது காலை இழுத்து இழுத்து நடந்தாள். பேச்சு குழறியது. வலது கை மடியிலேயே கிடந்தது, யாரோ வைத்துவிட்டு எடுக்க மறந்துபோன பொருள் மாதிரி.

எனக்கு அந்தக் கைமேல் தீராத ஆர்வம். தூங்குகிறதா? கிள்ளினால் தெரியுமா? யாரும் பார்க்காதபோது குளிர்ந்த தண்ணீர் டம்ளரை அதன்மேல் வைத்துப் பார்த்தேன். "சில்லுனு கீதுடி" என்றாள் அத்தை. ஆக, கைக்கு எல்லாம் தெரிகிறது. வேலை செய்யத்தான் மாட்டேன் என்கிறது. கணக்குப் பாடத்தில் என் நிலைமையும் அதுதான் என்பதால் அந்தக் கையோடு எனக்கு ஓர் ஒட்டுதல் வந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் பயிற்சி சொல்லிக்கொடுத்த பெண் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து அமுக்கச் சொல்லியிருந்தார். விரலுக்கு வேலை கொடுக்காவிட்டால் விறைத்துப்போகும் என்று அத்தையின் வீட்டுக்காரரிடம் கண்டித்தும் சொல்லியிருந்தார். அத்தை பந்தைக் கட்டிலுக்கு அடியில் உருட்டிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். பார்க்க வந்தவர்கள் "எப்படி இருந்தவ" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அவர்கள் போன பிறகு அவள் இன்னும் கொஞ்சம் சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

அம்மா ஆறுதலாக எதுவும் சொல்லவில்லை. ரயிலிலிருந்து இறங்கி வந்ததும் சீப்பு, ரிப்பன், நான் என்று மூன்றையும் எடுத்துக்கொண்டு அங்கே போவாள். காலையில் அவளுக்கு நேரம் இருக்காது என்பதால் பள்ளிக்கு முந்தின நாளே எனக்கு இரட்டைச் சடை போட்டுவிடுவது வழக்கம். எங்கள் வீட்டில் அவள் பின்னினால் என் கண்கள் மேலே இழுத்துக்கொள்ளும், அவ்வளவு இறுக்கம். அத்தையின் கட்டிலோரம் உட்கார்த்திப் பின்னினாலோ வகிடு கோணும். ஒரு சடை காதுக்கு மேலே நிற்கும், இன்னொன்று தோளில் கிடக்கும்.

"வூட்ல நல்லாத்தானம்மா பின்னுவ?"

"இங்க வெளிச்சம் பத்தல" என்றாள். தலைக்கு மேலே டியூப்லைட் எரிந்துகொண்டிருந்தது.

வகுப்பில் என் வகிடு பங்காரப்பேட்டை ரோடு மாதிரி வளைந்து வளைந்து போகிறது என்றார்கள். அழுது பார்த்தேன். அம்மா அசையவில்லை.

அத்தை முதலில் கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு ஓரக்கண்ணால் பார்க்கத் தொடங்கினாள். ஒரு நாள் பொறுக்கமாட்டாமல் குழறிக் குழறிக் கேட்டாள்: "இன்னாடி இது... சடையா, எலிவாலா?"

"எனக்கு இவ்ளோதான் வருது. தெரிஞ்சவங்க பின்னட்டும்."

"என் கையப் பாத்துமா சொல்ற?"

"அது சும்மா புடிச்சிகினா போதும். பின்றதுக்கு இன்னொரு கை நல்லாத்தானே கீது."

"போடி வெளிய."

அம்மா போகவில்லை. என் முடியை மூன்று பிரியாகப் பிரித்து, ஒன்றை அத்தையின் மடங்கிக் கிடந்த விரல்களுக்குள் நுழைத்தாள். நழுவியது. மறுபடி நுழைத்தாள். மறுபடி நழுவியது. எனக்குக் கழுத்து வலித்தது. எழுந்துவிடலாம் என்று பார்த்தபோது தலையில் சுரீரென்று ஓர் இழுப்பு.

"அத்தை இழுக்குறாங்க" என்றேன். கை பிடித்துவிட்டதை முதலில் அறிந்தது என் தலைதான்.

அதன் பிறகு என் தலை அவர்கள் இருவருடைய பொதுச் சொத்தாயிற்று. சில நாள் அத்தை பாதியில் சீப்பை வீசி எறிந்தாள். சில நாள் தொடவே மறுத்தாள். அம்மா எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தாள். சடை கொஞ்சம் கொஞ்சமாகச் சடையாயிற்று. திட்டும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிவாயிற்று. கை கடைசிவரை மெதுவாகத்தான் வேலை செய்தது. பெங்களூர் வேலைக்கு அத்தை திரும்பவே இல்லை. ஆனால் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுப்பது நின்றுபோயிற்று.

மழைக்காலம் முடிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, யாரும் உதவாமல் இரண்டு சடையையும் பின்னி, மடித்து, ரிப்பனும் கட்டிவிட்டு, "போயி கண்ணாடில பாரு" என்றாள் அத்தை. உள்ளே ஓடிப்போய்ப் பார்த்தேன். வகிடு நேராக இருந்தது.

திரும்பி வந்தால் என் இடத்தில் அம்மா உட்கார்ந்திருந்தாள். தன் கொண்டையை அவிழ்த்து அத்தைக்கு முதுகு காட்டிக்கொண்டு. அத்தை பின்னிக்கொண்டிருந்தாள். அம்மாவின் கண்ணீர் வழிந்து தாடையில் நின்றது, அவள் துடைக்கவில்லை.

அந்த விரல்களுக்கு எத்தனையோ நாள் தலையைக் கொடுத்தவள் நான். அவை எப்படி இழுக்கும் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்?

"அத்தை, மெதுவா பின்னுங்க" என்றேன். "அம்மாவுக்கு வலிக்குது."