மத்தியானத்தில் யாரோ படம் பார்க்கிறார்கள்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இரண்டு மணி என்றால் எங்கள் வீட்டில் பேய்ப்படம். கல்யாணமான முதல் வருஷமே அது வழக்கமாகிவிட்டது. மற்ற நாட்களில் எங்கள் இருவருக்கும் நேரம் ஒத்துவராது. என் கணவர் மரக்காணம் உப்பளத்தில் மேற்பார்வை வேலை பார்க்கிறார். வெயில் ஏறுவதற்குள் உப்பை வாரிக் குவிக்க வேண்டும் என்பதால் விடிவதற்கு முன்பே பைக்கை எடுத்துக்கொண்டு போய்விடுவார். மத்தியானச் சாப்பாடு அங்கேயே கொட்டகையில், லாரியில் லோடு ஏற்றி அனுப்பிவிட்டு சாயங்காலம்தான் வருவேன் என்று சொல்லியிருந்தார். எனக்கு ஆரோவில்லில் ஒரு தையல் கூடத்தில் வேலை. காலையில் எட்டு மணி பஸ்ஸில் போனால் திரும்பி வர ஆறரை ஆகிவிடும்.

ஞாயிறு சாப்பிட்டு முடித்ததும் ஜன்னலில் ஒரு பழைய புடவையைக் கட்டிவிடுவோம். அவருடைய நண்பர் பென்டிரைவில் போட்டுக் கொடுக்கும் படத்தை டிவியில் செருகி, தரையில் தலையணை போட்டு உட்கார்ந்துகொள்வோம். நான் பாதி நேரம் துப்பட்டாவுக்குள்தான் இருப்பேன். அவர் சிரிப்பார். "இப்ப வரும் பாரு" என்பார், வரும். நான் அலறுவேன், அவர் இன்னும் சிரிப்பார். என் தங்கைகளிடமெல்லாம், "அவரு எதுக்குமே பயப்பட மாட்டாரு, பேயைப் பாத்தா சிரிக்கிறாரு" என்று பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். அவர் பக்கத்தில் இருக்கும்போதே சொல்லியிருக்கிறேன்.

போன வருஷம் சித்திரையில் ஒரு ஞாயிறு, படம் பாதியில் இருக்கும்போது கரண்ட் போய்விட்டது. படத்தில் அப்போதுதான் அந்தப் பெண் புது வீட்டில் சாமான்களை எடுத்துவைத்து முடித்திருந்தாள். எங்கள் டிவி நின்ற இடத்தை ஞாபகம் வைத்திருக்கும். அடுத்த ஞாயிறு பென்டிரைவைச் செருகியதும், விட்ட இடத்திலிருந்து தொடரவா என்று கேட்டது. அதில் காட்டிய நேரம் ஒரு மணி பதினெட்டு நிமிஷம்.

"நாம நாப்பது நிமிஷம்கூட பாக்கலையே" என்றேன்.

"அதெல்லாம் பாத்தோம். நீதான் பாதி நேரம் கண்ண மூடினு இருந்தியே" என்றார்.

தொடரச் சொல்லி அழுத்தினேன். திரையில் அந்த வீடு எரிந்துகொண்டிருந்தது. அதற்கு முன் வருகிற எதையும் நான் பார்த்திருக்கவில்லை. கண்ணை மூடியிருந்தாலும் காது கேட்கும் அல்லவா. அவர் ரிமோட்டை வாங்கிப் பின்னால் தள்ளினார். "பழைய டிவி, ஏதாச்சும் கோளாறு பண்ணும்" என்றார். அதோடு விட்டேன்.

விட்டேன் என்றாலும் அதன்பிறகு வீட்டைக் கவனிக்க ஆரம்பித்தேன். ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வந்து சீரியல் வைத்தால் சத்தமே வரவில்லை. ஆறில் இருந்தது. நாங்கள் எப்போதும் முப்பதுக்கு மேல் வைப்பவர்கள். எதிரில் உட்கார்ந்து பார்க்கிற யாரும் ஆறில் வைக்க மாட்டார்கள். வெளியே கேட்கக் கூடாது என்று நினைப்பவர்கள்தான் அப்படி வைப்பார்கள். இன்னொரு நாள், காலையில் நான் அவிழ்த்து மடித்துவைத்த ஜன்னல் புடவை மறுபடி கட்டியிருந்தது. முடிச்சு என்னுடையது போலவும் இருந்தது, இல்லாதது போலவும் இருந்தது.

பிறகு அந்தக் கால்தடம். எங்கள் வீட்டுத் தரை சிவப்புச் சிமெண்டு. அடுப்பங்கரைக்குப் போகிற வழியில் பாதிப் பாதம், ஐந்து விரலும் தெரிய, வெள்ளையாகக் காய்ந்து கிடந்தது. குனிந்து விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். உப்பு.

அவர் வந்ததும் காட்டினேன். "உங்க காலா?"

"நான் என்னிக்காச்சும் கால் கழுவாம உள்ள வந்திருக்கேனா?" என்றார்.

உண்மைதான். சாயங்காலம் வாசல் குழாயில் முழங்கால் வரை கழுவிவிட்டுத்தான் படியேறுவார். அவர் என் கேள்விக்குப் பதில் சொல்லவில்லை, திருப்பி ஒரு கேள்விதான் கேட்டார் என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை.

எங்கள் இருவரிடமும் இருந்தது போக, வீட்டின் மூன்றாவது சாவி எதிர்வீட்டு அக்காவிடம் இருந்தது. கேஸ் சிலிண்டர் வந்தால் இறக்கிவைப்பதற்காக நான்தான் கொடுத்திருந்தேன். அந்த அக்காவும் உப்பளத்தில் உப்பு சுமக்கிறவர். காலை வேலை முடிந்து பதினொரு மணிக்கெல்லாம் வீட்டுக்கு வந்துவிடுவார். அவர் வீட்டு டிவி மழைக்காலத்தில் கெட்டுப்போய் மூலையில் கிடந்தது. சாவி, உப்புக் கால், டிவி இல்லாத வீடு. மூன்றையும் சேர்த்ததும் எனக்கு வேறு யோசனையே வரவில்லை. தண்ணீர் பிடிக்கும்போது அக்காவின் பாதத்தை உற்றுப் பார்த்தேன். எல்லாப் பாதமும் போலத்தான் இருந்தது. ஆனாலும் பார்க்கப் பார்க்க அந்தத் தடம் அதேதான் என்று பட்டது.

மறுநாள் போய், "அக்கா, எங்க வீட்டுக்காரரு சாவியத் தொலைச்சிட்டாரு. உங்ககிட்ட இருக்கறதக் குடுங்க, வேற பண்ணதும் தர்றேன்" என்றேன். நாக்கு கொஞ்சமும் தடுமாறவில்லை. அவர் ஒன்றும் கேட்காமல் ஆணியிலிருந்து எடுத்துக் கொடுத்தார்.

அடுத்த வாரம் டிவி சத்தம் எட்டில் இருந்தது.

என்னைப் பயமுறுத்தியது அதுதான். முன்னே எதுவும் அப்படிப் பயமுறுத்தியதில்லை. சாவி மொத்தமே மூன்று. இப்போது இரண்டு என் பையில், ஒன்று அவரிடம். எனக்குக் கணவர்மேல் சந்தேகம் வரவில்லையா என்று இப்போது கேட்பவர்கள் உண்டு. வரவில்லை. அவர் ஏன் சொல்லாமல் வரவேண்டும்? அவருடைய வீடு. வந்தேன் என்று சொன்னால் தீர்ந்தது.

அந்த நாட்களில்தான் பேய்ப்படங்களில் வேறொன்றைப் பார்க்க ஆரம்பித்தேன். அதுவரை கதவு திறக்கிற சத்தத்துக்கும் கண்ணாடியில் தெரிகிற முகத்துக்கும் பயந்தவள் நான். இப்போது அவை வந்தால் ஒரு மாதிரி நிம்மதியாகக்கூட இருந்தது. வந்துவிட்டதே, இனி எல்லோரும் நம்புவார்கள். அதற்கு முன்னால், எல்லாப் படத்திலும் வருகிற காட்சி ஒன்று உண்டு. அந்தப் பெண் தான் பார்த்ததைப் புருஷனிடம் சொல்வாள். அவன் அன்பாகத் தோளில் கை வைத்து, நீ களைத்துப்போயிருக்கிறாய், கொஞ்சம் தூங்கு என்பான். பாட்டோ சத்தமோ இருக்காது, வெளிச்சம் நன்றாக இருக்கும். அந்தக் காட்சி வந்தால் எனக்கு உள்ளங்கை வேர்த்தது.

என் கணவரும் அன்பாகத்தான் சொன்னார். "உனக்கு ரத்தம் கம்மியா இருக்கும்னு நெனைக்கிறேன். மறதி வருது. டெஸ்ட் எடுத்துப் பாக்கலாம்." ஒரு சனிக்கிழமை பைக்கில் மரக்காணத்துக்கு அழைத்துப்போனார். ஊசி குத்தும்போது கையைப் பிடித்துக்கொண்டார். ரத்தம் கொஞ்சம் குறைவாகத்தான் இருந்தது. ஊரில் எந்தப் பெண்ணுக்கு இல்லை. வரும்போது பீட்ரூட்டும் பேரீச்சம்பழமும் வாங்கிவந்தார். நான் இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டேன். சாப்பிட்டுக்கொண்டே, காலையில் கிளம்பும் முன் டிவியின் சத்தம் எத்தனையில் இருக்கிறது என்று உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டு போனேன். வேலைக்கு நடுவே கையைக் கழுவாமல் காப்பாற்றுவது பெரும்பாடாக இருந்தது.

ஒரு புதன்கிழமை தையல் கூடத்துக்குத் துணி வந்து சேரவில்லை என்று மத்தியானமே அனுப்பிவிட்டார்கள். கீழ்புத்துப்பட்டு வழியாக வருகிற பஸ்ஸில் ஏறி ஒன்றேமுக்காலுக்கு வீட்டு வாசலில் நின்றேன். கதவில் பூட்டு இல்லை. தள்ளினால் திறக்கவில்லை, உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது. உள்ளேயிருந்து மிக மெதுவாக ஒரு பெண் அலறுவது கேட்டது.

தெருவில் ஆளில்லை. வெயில் கண்ணைக் குத்தியது. கத்தலாமா, ஓடலாமா என்று தெரியாமல், ஜன்னல் பக்கமாக ஒதுங்கி நின்று கணவருக்குப் போன் செய்தேன்.

உள்ளே அவருடைய போன் அடித்தது.

அலறல் நின்றது. "சொல்லும்மா" என்றார். அந்தக் குரல் ஒரு காதில் போனிலும் மறு காதில் ஜன்னல் வழியாகவும் வந்தது.

"எங்க இருக்கீங்க?"

"அளத்துலதான். லோடு ஏறினு இருக்குது. ஏன், என்னாச்சு?"

"ஒண்ணுமில்ல. சும்மா பண்ணேன்."

"சாப்ட்டியா? மாத்திரை போட்டியா?"

"போட்டேன்" என்று சொல்லி வைத்துவிட்டேன். ஏன் கதவைத் தட்டவில்லை என்று எனக்கு இன்றைக்கும் சரியாகச் சொல்லத் தெரியாது. அந்தக் குரல் அத்தனை இயல்பாக இருந்தது. நான் தட்டினால் திறக்கப்போவது யார் என்றுதான் தோன்றியது.

புடவைக்கும் ஜன்னல் கம்பிக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி இருந்தது. அதில் பார்த்தேன். தரையில் உட்கார்ந்திருந்தார், கால்கூடக் கழுவவில்லை. மடியில் என் தலையணை. படத்தில் ஒருத்தி பீரோவைத் திறந்து புடவை எடுக்கப்போகிறாள். மடித்த புடவைகளுக்கு நடுவிலிருந்து ஒரு கை வருகிறது. அவர் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து ரிமோட்டை எடுத்து அதே இடத்துக்குத் திரும்பப் போனார். இந்த முறை முகத்தைத் திருப்பிக்கொண்டார், ஆனால் மூடவில்லை. மறுபடி பின்னால் போனார். எத்தனை முறை என்று நான் எண்ணவில்லை. கடைசி முறை கை வந்தபோது நேராகப் பார்த்துச் சிரித்தார். சரியாக வரவில்லை போல. இன்னொரு தடவை போட்டுச் சிரித்தார். அது எனக்குத் தெரிந்த ஞாயிற்றுக்கிழமைச் சிரிப்பு.

நான் சத்தமில்லாமல் பஸ் ஸ்டாப்புக்குத் திரும்பிப் போய், ஆறரை மணி பஸ் வரும்வரை உட்கார்ந்திருந்தேன். எழுந்து வீட்டுக்கு நடந்தேன். அவர் வாசல் குழாயில் கால் கழுவிக்கொண்டிருந்தார்.

ஞாயிறு வந்தது. அதே படம். பீரோ காட்சி நெருங்கியபோது நான் திரையைப் பார்க்கவில்லை. அவரைப் பார்த்தேன்.

"இப்ப வரும் பாரு" என்றார்.

"தெரியும். புடவைக்கு நடுவுல கை வரும்" என்றேன். "நீங்க சிரிப்பீங்க."

படத்தை நிறுத்தினார். பிறகு, "எப்ப வந்த?" என்றார்.

"புதன்கிழமை."

"போன் பண்ணப்போ?"

"ஜன்னல்கிட்ட நின்னுனு இருந்தேன்."

அவர் முகம் வெளுத்ததை அன்றுதான் முதல்முறை பார்த்தேன். "நாலு நாளா ஒண்ணும் சொல்லாம எனக்குச் சோறு போட்டுனு இருந்தியா?" என்றார். அவர் குரலில் கோபமில்லை. என்னைப் பார்த்துக் கொஞ்சம் பின்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

அப்புறம் சொன்னார். சின்ன வயதில் அண்ணன்களோடு பேய்ப்படத்துக்குப் போய் தியேட்டரிலேயே டிராயரை நனைத்துவிட்டாராம். அண்ணன்கள் இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிப்பார்களாம். கல்யாணமான புதிதில் நாங்கள் பார்த்த முதல் படம் அவர் ஏற்கெனவே பார்த்த படம், அதனால் சிரிக்க முடிந்தது. நான் அதை ஊரெல்லாம் சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு எப்படிப் பயப்படுவது?

"பயந்தா பயந்துட்டுப் போங்க. எனக்கு மறதின்னு சொன்னீங்களே, ரத்தம் எடுக்க வெச்சீங்களே, அது ஏன்?"

"ரத்தம் கம்மியாத்தான இருந்துச்சு" என்றார். சொன்னதும் அவருக்கே அது கேவலமாகப் பட்டிருக்க வேண்டும். தலையைக் குனிந்துகொண்டார். "தப்புதான்" என்றார்.

மறுநாள் சாயங்காலம் சாவியை எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனேன். அக்கா வாசலில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தார். "சாவி கெடச்சிட்டுது அக்கா, இத நீங்களே வெச்சிருங்க" என்றேன்.

அவர் கையைத் துடைக்கவில்லை. "தொலைஞ்சாத்தானம்மா கெடைக்கும்" என்றார். "நீ சாவி வாங்கினு போன மறுநாளே, மத்தியானம் உங்க வீட்டுக்காரரு பூட்டத் தொறந்து உள்ள போறாரு. எப்பவும் போறவருதான். பைக்கக்கூட எங்க வைக்கோல்போருக்குப் பின்னாலதான் உடுவாரு. அப்ப, சாவி தொலைஞ்சிதுன்னு இந்தப் பொண்ணு எங்கிட்ட ஏன் சொல்லிச்சின்னு யோசிச்சேன். இன்னா காணாம போச்சி உங்க வீட்ல?"

"ஒண்ணும் காணாம போகல."

"அப்ப சரி."

ஒரு வார்த்தை அக்காவைக் கேட்டிருந்தால் முதல் வாரத்திலேயே எல்லாம் தெரிந்திருக்கும். கேட்காமல் அவர் பாதத்தைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். மன்னிப்பு கேட்டேன். "அதுக்கின்னாம்மா" என்று சொல்லிவிட்டுத் துலக்க ஆரம்பித்தார். ஆனால் சாவியை வாங்கவில்லை. "என்கிட்ட வேணாம். நாளைக்கி வேற ஏதாச்சும்னா நல்லா இருக்காது."

இப்போது கேஸ் சிலிண்டர் வரும் நாளில் நான் லீவு போடுகிறேன். ஞாயிற்றுக்கிழமைப் படம் நிற்கவில்லை. அவர் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொள்கிறார், நான் கை வந்து போய்விட்டதா என்று பார்த்துச் சொல்கிறேன். பயப்படுகிறவரோடு உட்கார்ந்து படம் பார்ப்பது நன்றாகத்தான் இருக்கிறது. சில நாள், லோடு ஏற நேரமாகிவிட்டது என்று போனில் சொல்வார். சரி என்பேன். சொல்லிவிட்டு, அவர் பேசுகிற இடத்தில் பின்னால் லாரிச் சத்தம் கேட்கிறதா என்று ஒரு நொடி காதைக் கொடுப்பேன். பெரும்பாலும் கேட்கிறது. நான் கேட்கிறேன் என்பது அவருக்கும் தெரியும் போல. போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்து, "கேக்குதா?" என்கிறார்.