ரேமுக்கு நெற்றி எது?

மனைவியின் லேப்டாப்புக்கு ஞாபகசக்தியைக் கூட்டுவதற்காக எங்கள் கல்யாணப் படங்களை அழித்தவன் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பின்னால் தெரியவந்தால் இன்னும் மோசமாக இருக்கும்.

மனைவி கடலூரில் ஒரு கல்லூரியில் தாவரவியல் நடத்துகிறாள். பிச்சாவரத்து அலையாத்தி மரங்கள் உப்புத் தண்ணீரில் எப்படிக் காலம் தள்ளுகின்றன என்பது அவளுடைய முனைவர் பட்ட ஆராய்ச்சி. நடுவில் அவள் மாமியார் படுத்த படுக்கையானது, மகளின் பிளஸ் டூ, என்னைப் போன்ற இயற்கை இடர்கள் எல்லாம் வந்ததில், அவள் முதலில் அளந்த செடியெல்லாம் மரமாகிவிட்டது. கடைசியில் ஒருவழியாக, சிதம்பரத்தில் வாய்மொழித் தேர்வுக்கு நாள் குறித்துவிட்டார்கள். ஆயுத பூஜை முடிந்த அடுத்த வாரம். வெளியூரிலிருந்து ஒரு பேராசிரியர் வருவார், கேள்வி கேட்பார். இவள் தன் லேப்டாப்பிலிருந்து படங்களைத் திரையில் காட்டிப் பதில் சொல்ல வேண்டும்.

லேப்டாப் அந்தப் படங்களைத் திறக்க மறுத்தது. மறுத்தது என்றுகூடச் சொல்ல முடியாது, மறுக்கிறவர் முகத்தில் ஒரு முடிவாவது தெரியும். இது சக்கரத்தைச் சுற்றவிட்டு நம்மைப் பார்த்துக்கொண்டே இருக்கும். ஒத்திகையில், இலை உப்பை வெளியே தள்ளுகிற உப்புச் சுரப்பியின் படம் வரும்போதெல்லாம் அப்படியே நின்றுவிட்டது. அந்தப் படம்தான் ஆராய்ச்சியின் உயிர்.

"அங்க போயி இப்பிடி நின்னுச்சுன்னா நான் என்னங்க பண்ணுவேன்? இத்தன வருஷம் சேத்துல நின்னது இதுக்கா?" என்றாள். குரல் உடைகிற இடத்துக்குப் பக்கத்தில் இருந்தது.

"நான் பாத்துக்கறேன்" என்றேன். எங்கள் வீட்டில் பெரும்பாலான விபத்துகளுக்குத் தொடக்க வாக்கியம் இதுதான்.

மெமரி போதவில்லை என்று திரையிலேயே எழுதி வந்தது. போதவில்லை என்றால் நிறைந்துவிட்டது என்று அர்த்தம், நிறைந்துவிட்டது என்றால் எதையாவது எடுக்க வேண்டும். ஓரளவு படித்தவன் என்ற பெயருள்ள எனக்கு இந்தத் தர்க்கத்தில் ஓட்டை எதுவும் தென்படவில்லை. அவளுடைய மரங்களில் கை வைக்கக் கூடாது. மிச்சம் இருந்தது கல்யாண ஆல்பம். போன வருஷம்தான் ஸ்கேன் செய்து வைத்தோம். அழித்தேன். லேப்டாப் முன்னைவிட மெதுவாக ஓடியதுபோல் இருந்தது.

மனைவியிடம் சொன்னேன். நான் எதிர்பார்த்தது எதுவும் நடக்கவில்லை. "அதுல பாதி நம்ம கல்யாணமே இல்ல" என்றாள். அதுவும் உண்மைதான். திருவந்திபுரம் கோயிலில் அன்று நல்ல முகூர்த்தம், ஒரே நேரத்தில் ஏகப்பட்ட கல்யாணம். மலைப்படியில் நின்ற மாப்பிள்ளைக் கூட்டத்தில் போட்டோக்காரருக்கு நான் அவ்வளவாக அடையாளம் தெரியவில்லை.

மச்சானுக்குப் போன் போட்டேன். மனைவியின் தம்பி. சிதம்பரத்தில் ஃப்ளெக்ஸ் அடிக்கிற கடை வைத்திருக்கிறான். காதுகுத்துக்கும் கட்சிக்கும் ஆள் உயரப் படங்களைக் கம்ப்யூட்டரில் போட்டு உருட்டுகிறவன்.

"மாமா, நீங்க அழிச்சது ஹார்ட் டிஸ்க்ல. அது சமையக்கட்டு. ரேமுங்கறது எல. சமையக்கட்டுல எவ்ளோ ஆக்கி வெச்சிருந்தாலும் எல சின்னதா இருந்தா என்னாத்த பரிமாறுவீங்க? அக்காவுக்குப் பெரிய எலயா வாங்கிப் போடுங்க."

ஆக, இலையைப் பெரிதாக்குவதற்காக நான் அண்டாவிலிருந்த சாம்பாரைக் கீழே ஊற்றியிருக்கிறேன்.

மறுநாள் லாரன்ஸ் ரோட்டில் ஒரு கடைக்குப் போனேன். ரேம் என்றதும் கடைக்காரர் ஒரு நீளமான பட்டையையும் ஒரு குட்டைப் பட்டையையும் காட்டினார். நீளமானது மேசைக் கம்ப்யூட்டருக்கு, குட்டை லேப்டாப்புக்கு. இதுவரை புரிந்தது.

"டிடிஆர் எத்தன சார்?"

"என்னென்ன இருக்கு?"

"மூணு இருக்கு, நாலு இருக்கு. உங்க மிஷின்ல என்னா போட்டிருக்கு? பழச கழட்டி எடுத்தாந்தீங்களா?"

மூன்றும் நாலும் இருக்கிற கடையில் நின்றுகொண்டு மனைவிக்கு மூன்றை வாங்கிப் போகிற புருஷனை ஊர் என்ன சொல்லும்?

"நாலே குடுங்க" என்றேன்.

"பாத்துட்டு எடுத்தீங்கன்னா..."

"நாலு."

வீட்டில் லேப்டாப்பின் முதுகைத் திறந்தேன். பழைய ரேமுக்குப் பக்கத்தில் இன்னொரு குழி காலியாகவே இருந்தது. எனக்காகவே விட்டு வைத்த மாதிரி. புது ரேமின் விளிம்பில் ஒரு சின்ன வெட்டு, குழிக்குள் ஒரு சின்ன மேடு. வெட்டு மேட்டின்மேல் உட்கார வேண்டும். உட்காரவில்லை. கொஞ்சம் தள்ளி நின்றது. திருப்பிப் பிடித்தேன், அந்தப் பக்கம் தள்ளி நின்றது. ஒரு அமுக்கு அமுக்கினால் போய்விடும் என்று கட்டைவிரல் சொன்னது.

"அமுக்காதீங்க" என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது. அவள் என்னைப் பார்க்க வேண்டியதில்லை. நான் மூச்சுப் பிடிக்கிற சத்தம் போதும்.

நாலு என்பது மூன்றைவிடப் பெரியது இல்லையாம். அது வேறு சாதியாம். மூன்றுக்கென்று வெட்டிய குழியில் நாலு உட்காராது, மற்றபடி அது எவ்வளவு உசத்தியாக இருந்தாலும் சரி. பூட்டுக்கும் சாவிக்கும் உள்ள இந்தச் சின்ன நீதியை என் வயதில் ஒருவன் புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது.

இந்த முறை பழைய ரேமைக் கழற்றி, கோயில் விபூதி மாதிரிக் காகிதத்தில் மடித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சிதம்பரத்துக்குப் பஸ் ஏறினேன். புதுச்சத்திரம் தாண்டுகிற வரை பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தேன். மச்சான் தனக்குத் தெரிந்த கடைக்குக் கூட்டிப்போனான். கடைக்காரர் பட்டையை வெளிச்சத்தில் பிடித்தார்.

"மூணு. ஆனா எல் போட்ட மூணு சார். எல்னா கரண்டு கம்மியா சாப்புடும். எல் இல்லாதத சில மிஷின் ஏத்துக்கும், சிலது ஏத்துக்காது."

"எங்களுது?"

"போட்டாதான் தெரியும்."

இந்தத் துறையில் எந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு நடந்தாலும் கடைசியில் இந்தப் பதிலில்தான் கொண்டுபோய் விடுகிறது. எல் போட்டதிலேயே எட்டு ஜிபியாக எடுத்தேன். மச்சான் இரண்டு பட்டைகளையும் சேர்த்துப் பிடித்துச் சம்பந்தி மாதிரி ஆராய்ந்தான்.

"கம்பெனி வேற வேறயா இருக்கே. ஒத்துப் போவுமா?"

"அதெல்லாம் ஒண்ணும் பண்ணாது."

"ஸ்பீடும் வேற போட்டிருக்கு."

"வேகமா ஓடறது மெதுவா ஓடறதோட வேகத்துக்கு எறங்கி வந்துடும்" என்றார் கடைக்காரர்.

அன்று கேட்டவற்றில் இது ஒன்றுதான் எனக்கு உடனே புரிந்தது. கல்யாணமானவன் இல்லையா. மச்சான் மட்டும் சமாதானமாகவில்லை. பஸ் ஏற்றிவிடும்போதும், "பாத்துக்கோங்க மாமா, ரெண்டு கம்பெனின்னா சண்ட போட்டுக்கும்" என்றான்.

மறுநாள் ஆயுத பூஜை. நான் அவ்வளவு பக்திமான் இல்லை. ஆனால் தேர்வு எனக்கில்லையே. புது ரேமைப் பூஜையில் வைத்து எடுத்து மாட்டலாம் என்று நான்தான் சொன்னேன். சுண்டல் மனைவியின் பொறுப்பு, சந்தனம் குங்குமம் என் பொறுப்பு. அதுதான் எங்கள் வீட்டு முறை. பைக், அடுப்பு, மிக்ஸி, ஃபிரிட்ஜ், கத்தரிக்கோல், என் பேனா, அவளுடைய உருப்பெருக்கிக் கண்ணாடி என்று வரிசையாக வைத்துக்கொண்டு வந்தேன். ரேம் வந்ததும் கை நின்றது. எல்லாவற்றுக்கும் ஒரு நெற்றி உண்டு. பைக்குக்கு ஹெட்லைட், மிக்ஸிக்கு வயிறு. இதற்கு எது? ஒரு பக்கம் கறுப்புச் சில்லுகள் அசமந்தமாக உட்கார்ந்திருந்தன. அடி விளிம்பு மட்டும் பட்டுப்புடவைக் கரை மாதிரி தங்கமாக மின்னியது. மங்களமாகத் தெரிகிற இடம்தானே முகம்? அங்கே தாராளமாக வைத்தேன். பூஜையில் வைத்ததை மறுநாள்வரை எடுக்கக் கூடாது என்பதால் அது இரவெல்லாம் காய்ந்தது.

விஜயதசமி காலையில் நல்ல நேரம் பார்த்து எடுத்தேன். பொட்டு உதிர்ந்திருந்தது. மிச்சத்தை வேட்டியில் துடைத்து, குழியில் வைத்தேன். டக்கென்று உட்கார்ந்தது. பொத்தானை அழுத்தினேன். திரை கறுப்பு. உள்ளேயிருந்து பீப், பீப் என்று ஒரு சத்தம். புதியதைக் கழற்றினால் பழையபடி ஓடியது. மாட்டினால் பீப்.

"நான் அன்னைக்கே சொன்னேன்ல மாமா, கம்பெனி" என்றான் மச்சான் போனில். சிதம்பரத்துக் கடைக்காரர் எட்டு ஜிபியை எங்கள் மிஷின் தாங்காதோ என்னவோ என்றார். யூடியூபில் ஒருவர் குழி செத்துப்போயிருக்கும் என்றார். இன்னொருவர் பயாஸைப் புதுப்பிக்கச் சொன்னார். பயாஸ் என்றால் என்ன என்று பார்க்கப் போனேன், புதுப்பிக்கும்போது கரண்ட் போனால் லேப்டாப்பே போய்விடும் என்று போட்டிருந்தது. கடலூரில் இருந்துகொண்டு இந்த ஆபத்தை எடுக்க முடியாது. எல்லோரும் உறுதியாகச் சொன்னார்கள், ஆளுக்கொன்றாகச் சொன்னார்கள். நான் ஒவ்வொருவர் சொன்னதையும் அடுத்தவர் சொல்கிறவரை நம்பினேன்.

மனைவி லேப்டாப்பை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்து எட்டிப் பார்த்தேன். தன் படங்களை ஒவ்வொன்றாகச் சின்னதாக்கிக்கொண்டிருந்தாள். உப்புச் சுரப்பி கடுகு மாதிரி ஆகியிருந்தது.

"இதுல ஒண்ணும் தெரியலயே" என்றேன்.

"தெரியாது. ஆனா நிக்காது."

என்னால் அந்த நாற்காலிக்குப் பக்கத்தில் நிற்க முடியவில்லை. கடையில் திருப்பிக் கொடுக்கலாம் என்று ரேமைக் காகிதத்தில் மடிக்க ஆரம்பித்தேன். "குடுங்க பாப்போம்" என்று கை நீட்டினாள். பூஜையிலிருந்து எடுத்த உருப்பெருக்கிக் கண்ணாடி பக்கத்திலேயே இருந்தது. இலையின் அடிப்பக்கத்தைப் பார்ப்பதுபோல் கண்ணுக்கு நெருக்கமாக வைத்துப் பார்த்தாள்.

"இது என்னங்க செகப்பா?"

"எது?"

"இந்தத் தங்கப் பல்லு எல்லாத்து மேலயும். மேல மஞ்சளா ஏதோ படிஞ்சு கெடக்கு." கண்ணாடியை இறக்கினாள். "பொட்டு வெச்சீங்களா?"

"ஆயுத பூஜைல்ல."

"இதுக்குமா?"

"இதுவும் ஆயுதந்தான."

அவள் சிரிப்பாள் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. மகளின் பழைய பென்சில் டப்பாவிலிருந்து ஒரு ரப்பரை எடுத்து, அந்தப் பட்டுக்கரையை இரண்டு பக்கமும் நிதானமாகத் தேய்த்தாள். ரப்பர் சிவந்தது. ஊதிவிட்டு அவளே மாட்டினாள். திரை வந்தது. பெரிய படத்தைத் திறந்தாள். சக்கரம் சுற்றவே இல்லை. உப்புச் சுரப்பி திரை முழுக்க, ஒரு ஊர் அளவுக்கு, வந்து நின்றது. அப்போதுதான் சிரித்தாள். என்னைப் பார்த்து இல்லை, அதைப் பார்த்து.

கம்பெனி ஒத்துப்போக வேண்டுமா, எல் இல்லாததைப் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதெல்லாம் எனக்கு இன்றுவரை தெரியாது. "கொஞ்ச நாள் போவட்டும் மாமா, சண்ட தெரியும்" என்று மச்சான் இன்னும் காத்திருக்கிறான்.

தேர்வன்று சிதம்பரத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். வேர், சேறு, இலை, சுரப்பி, வரைபடம் என்று அவள் விரலை வைக்க வைக்கப் படங்கள் பறந்தன. ஓர் இடத்திலும் நிற்கவில்லை. கேள்விகளுக்கெல்லாம் பதில் சொன்னாள். பட்டம் தரலாம் என்று அறிவித்தார்கள், கை தட்டினார்கள். அதில் கொஞ்சம் எனக்கும் சேரும் என்று எடுத்துக்கொண்டேன். பிறகு வெளியே டீயும் சமோசாவும். வெளியூர்ப் பேராசிரியர் எங்களிடம் வந்தார். லேப்டாப் பையைத் தோளில் மாட்டியபடி நான் கொஞ்சம் நிமிர்ந்து நின்றேன்.

"ரொம்ப நல்லா பண்ணியிருக்கீங்கம்மா" என்றார் மனைவியிடம். "ஒரே ஒரு குறை. படமெல்லாம் தடதடன்னு ஓடிடுச்சு, அந்த உப்புச் சுரப்பிய நான் சரியா பாக்கவே இல்ல. அடுத்த தடவ கொஞ்சம் மெதுவான லேப்டாப்பா கொண்டுவாங்க."