காபி மையில் ஒரு மாப்பிள்ளைக் கடிதம்

சீவிய மூங்கில் குச்சி காபிக் குழம்பில் தோய்ந்து, டப்பா விளிம்பில் ஒருமுறை துடைபட்டு, தாளுக்குப் போனது. விரல்கள் அவசரப்படவில்லை. தபால் ஹெலிகாப்டருக்குத்தான் அவசரம்.

அந்த விரல்கள் ஹ்வாங் பில்சுவுடையவை. கொரியாவில் அவருக்குப் பெயர்முத்திரைகள் செதுக்கும் தொழில். இங்கே வியட்நாமில், சண்டைக்கு வந்த கொரியச் சிப்பாய்களான எங்கள் கூடாரத்தில் கையெழுத்து அழகாயிருந்தது அவருக்கு மட்டுமே. ஆகவே எல்லாருடைய அம்மாவுக்கும் அவரே மகன்.

இன்று தல்சிக்கின் முறை. அறுவடைப் பண்டிகையான சூசோக்குக்குள் கடிதம் வராவிட்டால் மாப்பிள்ளை செத்துவிட்டதாகவே வைத்துக்கொண்டு, அவனுக்கு நிச்சயித்த ஓக்புனை வேறு இடத்தில் கொடுத்துவிடுவதாகப் பெண்ணின் அப்பா சொல்லியனுப்பியிருந்தார். பண்டிகைக்கு முந்தைய கடைசித் தபால் இது. பேனாக்கள் எல்லாம் வற்றிவிட்டன. கிடங்கில் இருந்தவை, வரைபடத்தில் எதிரியைக் குறிக்கும் சிவப்புப் பென்சில்கள்.

"சிவப்புல உன் பேரை எழுதி அனுப்பு," என்றார் கிடங்குக்காரர். "மாமனாருக்குச் சந்தேகமே வராது."

எங்களில் இறந்தவன் பெயரைத்தான் சிவப்பில் எழுதுவோம். கண்ணிவெடிப் பாதையில் முன்னால் நடக்கும் தல்சிக், அந்தப் பென்சிலைத் தொடக்கூட இல்லை. அதனால்தான் காபித்தூள்.

'இங்கே சண்டையே இல்லை, மாமா. தினமும் மாட்டிறைச்சி. நல்ல காற்று,' என்று பில்சு எழுதினார். கூரையில் குண்டு போட்ட ஓட்டை வழியே அந்த நல்ல காற்று வந்துகொண்டிருந்தது.

காய்ந்ததும் எழுத்து செம்பழுப்பாகியது.

"அண்ணே, காஞ்ச ரத்தம் மாதிரியே இருக்கு!" தல்சிக் துள்ளினான். சத்தியம் செய்பவன் விரலைக் கீறி எழுதுவது எங்கள் வழக்கம். "ரத்தத்துல எழுதினேன்னு மாமா நினைச்சுக்குவாரு. அப்புறம் பொண்ணை வேற யாருக்குக் குடுப்பாரு?"

"அப்ப, 'இது காபி'ன்னு கடைசியில ஒரு வரி போட்டுடறேன்."

"ஐயோ, என் குடியைக் கெடுக்காதீங்கண்ணே!"

"நான் பொய் எழுதறதில்ல."

"சண்டையே இல்லன்னு எழுதியிருக்கீங்களே?"

"அது பொய்யாடா? பெரியவங்களுக்குக் காட்டுற மரியாதை."

"மோந்து பாத்தாலும் கண்டுபிடிக்க மாட்டாங்கண்ணே. எங்க ஊர்ல காபி குடிச்சவன் எவன் இருக்கான்?"

வெளியே தபால் ஹெலிகாப்டரின் விசிறி சுழலத் தொடங்கியது. பில்சு குச்சியைத் தோய்த்தார். தாளின் மேல் சிறிது நேரம் பிடித்திருந்துவிட்டு, டப்பாவிலேயே போட்டார்.

"ரத்தம்னும் எழுதல, காபின்னும் எழுதல. அவரு கேட்டா நீ உயிரோட போய் நேர்ல சொல்லு."

தாளை மூன்றாக மடித்து, மடிப்பை நகத்தால் நீவி, தல்சிக்கின் கையில் வைத்தார்.